ஒரு படிவத்துக்கு எத்தனை நிமிடம்?



"வீட்டிலிருந்தபடியே கணனியில் தகவல் பதிந்து கொடுத்துச் சம்பாதிக்கலாம்" என்ற விளம்பரம் உங்களுள் பலரது கைபேசிக்கும் வந்திருக்கும். தட்டச்சுத் தெரிந்த பெண் பிள்ளைகள், திருமணமாகி வீட்டோடு இருப்பவர்கள், கணவனை இழந்து குடும்பத்தைச் சுமப்பவர்கள் என்று எத்தனையோ பேர் இந்த வேலையை ஆவலோடு தேடுகின்றனர். முதலில் பதிவுக் கட்டணம் கட்டு, பின்னர் வேலை தருகிறோம் என்று சொல்பவர்களைப் பற்றி நான் நீட்டி எழுதப் போவதில்லை. கூலி கொடுக்க வேண்டியவன் கூலியாளிடம் காசு கேட்கின்றான் என்றால் அங்கே வேலை இல்லை, களவு தான் இருக்கிறது. அத்தோடு அதை விட்டு விடுவோம்.

நான் பேச விரும்புவது நேர்மையானவர்கள் கொடுக்கும் நேர்மையான வேலையைப் பற்றி. பாடசாலையொன்று மாணவர் விபரத்தைக் கணனியில் ஏற்றித் தரக் கேட்கும். வைத்தியர் ஒருவர் தமது பழைய நோயாளர் அட்டைகளைப் பதிந்து தரச் சொல்வார். கடைக்காரர் கடன் கொப்பியைக் கொடுப்பார். இங்கே ஏமாற்றும் எண்ணம் எவருக்கும் இல்லை. ஆனாலும் வேலை முடியும் போது ஒருவர் மனம் நொந்து போயிருப்பார். அநேகமாக அது வேலை செய்த பெண்ணாகத் தான் இருக்கும். காரணம் என்ன? அந்த வேலைக்கு எவ்வளவு நேரம் எடுக்கும் என்பது கொடுத்தவருக்கும் தெரியாது, எடுத்தவருக்கும் தெரியாது.

ஒரு மௌலவிக்குக் கணனி வேலையில் என்ன அலுவல் என்று நீங்கள் நினைக்கக் கூடும். கூலி ஒப்பந்தம் பற்றிய பாடத்தை, அதாவது 'இஜாரா'வை, வருடா வருடம் மாணவருக்கு ஓதிக் கொடுப்பவன் நான். கிதாபில் படித்த ஒரு சட்டம் கண் முன்னே கணனித் திரையில் உயிர் பெற்று நின்றதைக் கண்ட பின்னர் எழுதாமல் இருக்க முடியவில்லை.

விடயம் இது தான். எங்கள் மஹல்லாவில் 420 குடும்பங்கள். ரமழானுக்கு முன்னர் எல்லாக் குடும்பங்களின் விபரங்களையும் கணனியில் ஏற்றி விட்டால், ஸகாதுல் பித்ர் பங்கிடும் போது யாருக்குக் கிடைத்தது, யார் விடுபட்டார் என்ற குழப்பம் வராது என்று பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபை தீர்மானித்தது. நல்ல தீர்மானம். வீடு வீடாகச் சென்று படிவங்களை நிரப்பியும் ஆயிற்று. குடும்பத் தலைவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், முகவரி, தொலைபேசி, தொழில். பின்னர் மனைவி மக்கள் ஒவ்வொருவரின் பெயர், பிறந்த திகதி, உறவு, கல்வி. இவற்றைப் பதிய ஊரிலுள்ள ஒரு சகோதரியை அழைத்தனர். என்னிடம் முன்னர் ஓதியவர், மூன்று பிள்ளைகளின் தாய். வீட்டில் பழைய மடிக்கணனி ஒன்று வைத்துச் சிறு சிறு தட்டச்சு வேலைகள் செய்து வருபவர்.

"ரெண்டு நாளு வேலை தானே மௌலவி, படிவத்துக்குப் பத்து ரூபா போட்டா நாலாயிரத்து இருநூறு. தாராளம் தானே" என்றார் பொருளாளர் ஹாஜியார்.

அவர் கஞ்சத்தனத்தில் சொல்லவில்லை. கணக்குப் பார்த்தே சொன்னார். கொழும்பில் கணனித் துறையில் இருக்கும் அவரது மகன் தொலைபேசியில் விளக்கியிருந்தார். ஒரு படிவத்தில் சராசரியாக 240 எழுத்தும் இலக்கமும் வருகின்றன. 420 படிவத்துக்கு ஒரு இலட்சத்துச் சொச்சம் தட்டல்கள். தகவல் பதிபவர் ஒருவர் மணித்தியாலத்துக்குப் பத்தாயிரம் தட்டல்கள் தட்டுவார். ஆகவே பத்து மணித்தியாலம். நாளுக்கு ஐந்து மணித்தியாலம் வைத்தால் இரண்டே நாள். பெருக்கலில் பிழையில்லை, வகுத்தலிலும் பிழையில்லை.

அந்தப் பத்தாயிரம் என்ற தொகையும் கற்பனையல்ல. தகவல் பதியும் வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனங்கள் மணித்தியாலத்துக்கு எட்டாயிரம் முதல் பத்தாயிரம், சில இடங்களில் பன்னிரண்டாயிரம் தட்டல்கள் கேட்பது வழக்கம். ஆனால் அது யாருடைய வேகம்? நாள் முழுவதும் அதையே தொழிலாகச் செய்பவரின், தெளிவாக அச்சடித்த தாளைப் பார்த்து, பழகிய படிவத்தில், பெரும்பாலும் இலக்கங்களையோ ஆங்கிலத்தையோ தட்டுபவரின் வேகம். விரல் ஓடும் நேரத்தை மட்டும் அளந்த கணக்கு அது.

தையல் தெரிந்த சகோதரிகளுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. ஒரு அபாயா தைக்கும் போது மெஷின் ஓடும் நேரம் எவ்வளவு? வெட்டுவது, ஊசி குத்தி வைப்பது, நூல் மாற்றுவது, பிரித்துத் தைப்பது, கரை மடிப்பது, பட்டன் வைப்பது இவற்றோடு பார்த்தால் மெஷின் ஓடிய நேரம் கொஞ்சம் தான். வட்டிலப்பம் அவிய ஒரு மணித்தியாலம் போதும். தேங்காய் துருவிப் பால் பிழிந்து, கருப்பட்டி சீவிக் கரைத்து வடித்து, முட்டை அடித்து எடுக்கும் நேரத்தை மேசையில் அமர்ந்து சாப்பிடுபவர் கணக்கில் எடுப்பாரா? கணனி வேலையும் அப்படித் தான். தாளைப் புரட்ட வேண்டும். கையெழுத்தை வாசிக்க வேண்டும். எங்கே விட்டோம் என்று கண்ணால் தேட வேண்டும். பதிந்ததைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

இதை அளந்து பார்த்தவர்களும் இருக்கிறார்கள். 1980ஆம் ஆண்டில் ஸ்டுவர்ட் கார்ட், தோமஸ் மொறன், அலன் நிவெல் என்ற மூவர் கணனியில் ஒருவர் செய்யும் வேலையைச் சிறு சிறு அசைவுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எத்தனை விநாடி என்று கணித்து வெளியிட்டனர். சாதாரணத் திறமையுள்ள தட்டச்சாளருக்கு ஒரு தட்டலுக்கு 0.2 விநாடி. விசைப்பலகையில் இருந்து கையை எடுத்து 'மவுஸ்' மீது வைக்க 0.4 விநாடி. திரையில் ஓரிடத்தைச் சுட்ட 1.1 விநாடி. அடுத்து என்ன செய்வது என்று மனம் தயாராக 1.35 விநாடி. சகோதரிகளே, இந்தக் கடைசித் தொகையைக் கவனியுங்கள். மனம் ஒரு தடவை நின்று யோசிக்கும் நேரத்தில் விரல் ஆறேழு எழுத்துக்களைத் தட்டி விடும்! ஒரு படிவத்தில் இருபது கட்டங்கள் இருந்தால் இருபது தடவை மனம் நின்று புறப்படுகிறது. இன்னொன்றும் சொன்னார்கள். அர்த்தமுள்ள சொல்லைத் தட்டும் போது 0.2 விநாடி என்றால், அர்த்தமற்ற குறியீடுகளைத் தட்டும் போது ஒவ்வொரு தட்டலுக்கும் 0.75 விநாடி வரை போகும். இருபது எழுத்துள்ள பெயர் நான்கு விநாடியில் முடியும். பன்னிரண்டு இலக்க அடையாள அட்டை எண்ணுக்கு ஒன்பது விநாடி வேண்டும்.

அடையாள அட்டை என்றதும் ஒரு சிறு விடயம். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும். 2016 முதல் வழங்கப்படும் புதியதில் பன்னிரண்டு இலக்கம். அந்த இலக்கத்துக்குள்ளேயே பிறந்த ஆண்டும், அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதும் இருக்கின்றன. பெண்களாயின் அந்த நாள் எண்ணோடு 500ஐக் கூட்டியிருப்பார்கள். ஆகவே அட்டை இலக்கத்தைச் சரியாகப் பதிந்தால் பிறந்த திகதியைக் கணனியே கணித்துச் சொல்லும், ஆணா பெண்ணா என்பதையும் சொல்லும். பெப்ரவரிக்கு எல்லா வருடமும் 29 நாள் என்றே அந்த எண் கணக்கிடுகிறது என்பதை மட்டும் மறக்காமல் சூத்திரம் எழுத வேண்டும். படிவத்தைத் தயாரிக்கும் முன்னரே பதிபவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், எல்லாப் பெரியவர்களின் அட்டை இலக்கத்தையும் எடுத்துக் கொண்டு பிறந்த திகதிக் கட்டத்தைக் குறைத்திருக்கலாம். கேட்பதில்லை. படிவத்தை வரைபவர் ஒருவர், அதனோடு மல்லுக் கட்டுபவர் இன்னொருவர்.

தமிழில் பதிவது இன்னும் ஒரு படி கடினம். நம் நாட்டில் வெகு காலமாகப் 'பாமினி' எழுத்துருவில் தட்டிப் பழகியவர்கள் பலர். அது ஆங்கில எழுத்துக்களின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திய ஓர் ஏற்பாடு. கண்ணுக்குத் தமிழ், கணனிக்கு உள்ளே ஆங்கில எழுத்துக் குவியல். பெயர்களை அகர வரிசைப்படி அடுக்கச் சொன்னால் அது தன் இஷ்டத்துக்கு அடுக்கும். 'கொ' என்று எழுத முதலில் கொம்பு, பின்னர் ககரம், பின்னர் அரவு என்று மூன்று தட்டல். எந்தக் கைபேசியிலும் திறந்து வாசிக்கக் கூடிய 'யூனிகோட்' முறையில் பதிந்தால் அடுக்குவதும் தேடுவதும் இலகு. ஆனால் விரல் புதிதாகப் பழக வேண்டும். நமது சகோதரி யூனிகோடில் தான் தருவேன் என்றார். அதனால் அவரது வேகம் முதலில் குறைந்தது உண்மை.

பெயர்களோ கேட்கவே வேண்டாம். ஒரே வாப்பாவின் பெயர் மூத்த மகனின் வரியில் 'முஹம்மத்', இளைய மகனின் வரியில் 'முகம்மது', மகளின் வரியில் 'மொஹமட்'. பாத்திமாவுக்கு 'பா' போடுவதா 'ஃபா' போடுவதா? ஒரே மாதிரி எழுதாவிட்டால் பின்னர் தேடும் போது பாதிப் பேர் கிடைக்க மாட்டார்கள். அடையாள அட்டையில் உள்ளவாறு எழுதினால் வீட்டார் ஏற்க மாட்டார்கள். இந்த முடிவுகளை எடுக்கும் நேரத்தை எந்தப் பத்தாயிரத்தில் சேர்ப்பது?

சரி, அவர் என்ன செய்தார் என்று சொல்கிறேன். "மகள், இது எத்தனை நாளு வேலை?" என்று நான் கேட்டேன். "கையில எடுத்துப் பாக்காம சொல்ல ஏலாது ஹஸ்ரத். இருபது படிவம் தாங்க" என்றார். ஹாஜியார் மேலே இருந்த இருபதை எடுத்து நீட்டினார். அவர் வாங்கவில்லை. மேலே இருப்பவை பள்ளிவாசல் வீதியில் உள்ள வீடுகள், நம்பிக்கையாளர்களே அழகான கையெழுத்தில் நிரப்பியவை. அடியில் கிடப்பவை மேட்டு வீதியில் இளைஞர்கள் இரவு நேரத்தில் மழைத் தூறலில் நிரப்பியவை. மேலே உள்ளதை மட்டும் அளந்தால் கணக்குப் பிழைக்கும் என்று சொல்லி, ஒவ்வொரு இருபத்தோராவது படிவத்தையும் உருவி எடுத்து இருபதாக்கிக் கொண்டு போனார். எனக்கு அதில் மிகுந்த சந்தோஷம். சோற்றுப் பானையில் ஒரு சோறு பதம் பார்ப்பதென்றாலும் கிளறி விட்டுத் தானே பார்க்க வேண்டும்!

இருபதையும் பதிய அவருக்கு ஒரு மணித்தியாலமும் 42 நிமிடங்களும் சென்றன. முதல் பத்துக்கு 57 நிமிடம், அடுத்த பத்துக்கு 45 நிமிடம். கை பழகப் பழக வேகம் கூடுகிறது. ஆனால் அதைச் சாதகமாகக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்றார். இரண்டு மணித்தியாலம் தாண்டினால் கண் எரிந்து வேகம் திரும்பவும் இறங்கி விடும் என்பது அவரது அனுபவம். ஆகவே ஒரு படிவத்துக்கு ஐந்து நிமிடமும் சிறிது விநாடியும். 420க்கு ஏறத்தாழ 36 மணித்தியாலம்.

அதோடு முடியவில்லை. சரிபார்க்க வேண்டும். முன்னர் துளை அட்டைகளில் தகவல் பதிந்த காலத்தில், ஒருவர் துளையிட்ட அட்டையை இன்னொருவர் வேறொரு இயந்திரத்தில் போட்டு அதே தகவலைத் திரும்பவும் தட்டுவார். இரண்டும் ஒத்து வராவிட்டால் இயந்திரம் நின்று காட்டிக் கொடுக்கும். இந்த வேலையில் இருந்தவர்களும் பெரும்பாலும் பெண்களே. ஒரே வேலையை இரண்டு தடவை செய்வது விரயம் என்று அந்த நிறுவனங்கள் நினைக்கவில்லை. நமது சகோதரி தங்கையைப் படிவத்தை வாசிக்கச் சொல்லித் தான் திரையைப் பார்த்துச் சென்றார். ஒரு படிவத்துக்கு ஒன்றரை நிமிடம். மொத்தம் பத்தரை மணித்தியாலம், அதுவும் இரண்டு பேருக்கு. பின்னர், அந்த இருபதில் மூன்று படிவங்களில் ஏதோ ஒன்று விடுபட்டிருந்தது அல்லது வாசிக்க முடியவில்லை. அந்த விகிதத்தில் 63 படிவங்கள். ஒவ்வொன்றுக்கும் தொலைபேசி எடுத்து, உம்மாவிடம் கேட்டு, அவர் வாப்பாவிடம் கேட்டுச் சொல்லும் வரை ஆறு நிமிடமாவது ஆகும். அது ஆறு மணித்தியாலத்துக்கும் மேல். எல்லாம் சேர்த்தால் ஐம்பத்திரண்டரை மணித்தியாலம்.

பத்து எங்கே, ஐம்பத்திரண்டரை எங்கே!

அதை நாளாக மாற்றும் போது தான் பெண்களின் நிலை ஆண்களுக்கு விளங்க வேண்டும். கந்தோரில் நாள் என்றால் எட்டு மணித்தியாலம். வீட்டில் இருக்கும் தாய்க்கு நாள் என்றால் என்ன? சுபஹுக்குப் பிறகு சமையல், பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்புதல். ஒன்பதில் இருந்து பதினொன்று வரை ஓய்ந்த நேரம். பின்னர் பகல் சமையல், ளுஹர், பிள்ளைகள் வந்து விடுவர், அஸர், குர்ஆன் மத்ரஸா, மஃரிப், பாடம் சொல்லிக் கொடுத்தல். இஷாவுக்குப் பிறகு எல்லோரும் உறங்கிய பின்னர் ஒரு மணித்தியாலம். ஆக மூன்று. அந்த மூன்றுக்குள்ளும் யாராவது வாசலில் ஸலாம் சொல்வர். 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லாதிருந்ததை எவரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த வருடம் மின்சாரம் வரும் நேரம் பார்த்து நடுச்சாமம் எழுந்து தட்டச்சுச் செய்த பெண்களை நான் அறிவேன். வேலை கொடுத்தவர் சொன்ன "இரண்டு நாள்" அவர்களது இரவுகளைத் தான் தின்றது.

நாம் செய்யப் போகும் வேலைக்கு நாமே நேரத்தைக் குறைத்துச் சொல்வதும் மனித இயல்பு. 1994இல் பியூலர், கிரிஃபின், ரொஸ் என்ற ஆய்வாளர்கள் இறுதி ஆண்டு மாணவரிடம் உங்கள் ஆய்வேட்டை முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று கேட்டனர். சராசரியாக 34 நாள் என்று பதில் வந்தது. எல்லாமே கோணலாகப் போனால்? 49 நாள் என்றனர். உண்மையில் எடுத்தது 55 நாளுக்கும் மேல். ஆகக் கெட்டதை நினைத்துச் சொன்ன கணக்கும் போதவில்லை. மனதில் ஓடும் படத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் வருவதில்லை, மின்சாரம் போவதில்லை. அதனால் தான் நினைத்துப் பார்த்துச் சொல்லாமல் செய்து பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பழைய காலத்திலும் இந்தக் கேள்வி இருந்திருக்கிறது. பக்தாதில் நூல்களைப் பிரதி எடுத்து வாழ்ந்தவர்கள் 'வர்ராக்' எனப்பட்டனர். அவர்களுள் ஒருவரும் தத்துவ அறிஞருமான யஹ்யா இப்னு அதீ, தாம் ஓர் இரவும் பகலும் சேர்ந்து நூறு ஏடு வரை எழுதுவதாகச் சொன்னதை, ஹிஜ்ரி 377இல் தமது 'பிஹ்ரிஸ்த்'தைத் தொகுத்த இப்னுந் நதீம் பதிந்து வைத்திருக்கிறார். அது அவரது வேகம். அதையே எல்லா எழுத்தருக்கும் அளவுகோலாக வைத்திருந்தால் பக்தாதில் எத்தனை பேர் பட்டினி கிடந்திருப்பார்கள்?

இப்போது கிதாபுக்கு வருவோம். ஷாபிஈ மத்ஹபில் கூலி ஒப்பந்தத்தை இரண்டு விதமாக நிர்ணயிக்கலாம். ஒன்று நேரத்தால்: ஒரு நாளைக்கு வேலை செய், இவ்வளவு கூலி. மற்றது வேலையால்: இந்தத் துணியைத் தைத்துக் கொடு, இவ்வளவு கூலி. இரண்டையும் ஒன்றாகப் பிணைத்து, "இந்தத் துணியை இன்றைய பகலுக்குள் தைத்துக் கொடு" என்று ஒப்பந்தம் செய்தால் அது செல்லாது என்பதே வலுவான கருத்து என இமாம் நவவி (ரஹ்) 'மின்ஹாஜி'ல் எழுதுகிறார்கள். வேலை பகலுக்கு முன்னரும் முடியலாம், பகல் முடிந்த பின்னரும் நீளலாம். முன்னர் முடிந்தால் மீதி நேரம் யாருக்கு? நீண்டால் கூலி என்னவாகும்? தெளிவில்லாத இடத்தில் தகராறு பிறக்கும். சிறிய துணி, அந்த நேரத்துக்குள் நிச்சயமாக முடியும் என்றால் தடையில்லை என்று பின்வந்த அறிஞர்களுள் சிலர் சொல்லியிருக்கின்றனர். ஹனபி மத்ஹபில், இவ்வளவு மாவை இன்றைக்குள் ரொட்டி சுட்டுத் தர வேண்டும் என்று ரொட்டிக்காரரைக் கூலிக்கு அமர்த்துவது பற்றி இதே கேள்வி எழுந்தது. இமாம் அபூ ஹனீபா (ரஹ்) கூடாது என்றார்கள். அவர்களது மாணவர்களான அபூ யூஸுபும் முஹம்மதும் (ரஹ்) கூடும் என்றார்கள், நேரத்தைச் சொன்னது அவசரப்படுத்துவதற்கே என்று கொண்டு.

நான் நம்பிக்கையாளர் சபைக் கூட்டத்தில் இதைத் தான் எடுத்துச் சொன்னேன். 420 படிவத்தை இரண்டு நாளில் என்பது துணியையும் பகலையும் ஒன்றாகக் கட்டும் பேச்சு. அதோடு மணிக் கணக்கையும் விரித்தேன். பத்து மணித்தியால வேலை என்று நினைத்த போது 4,200 ரூபா மணிக்கு 420 ரூபா. அது தாராளம் தான். ஐம்பத்திரண்டரை மணித்தியாலம் என்றால் அதே தொகை மணிக்கு 80 ரூபா. ஒரு கிலோ அரிசிக்குப் போதாது. ஹாஜியார் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பின்னர் அவரே, "மகனுக்கு நம்மட ஊர்ப் பெயர்களை எழுதிப் பாத்துப் பழக்கமில்லை மௌலவி" என்று சிரித்தார்.

படிவத்துக்கு 25 ரூபா என்று முடிவாயிற்று, மொத்தம் 10,500. வாசிக்க முடியாத படிவங்களை அவர் ஒதுக்கி வைத்து விடுவார், வீடுகளுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்பது நிரப்பிய இளைஞர்களின் பொறுப்பு. நியாயமும் அது தானே, அவர்கள் விட்ட குறைக்கு இவர் ஏன் நேரம் செலவிட வேண்டும்? நூறு படிவம் முடிந்ததும் நூறுக்குரிய பணம். நாள் குறிக்கப்படவில்லை. "மூன்று கிழமை அளவில் முடியும்" என்று அவர் சொன்னது தகவலாக மட்டும் எழுதப்பட்டது. தங்கை வாசித்துக் கொடுத்த நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால் மணிக்கு 185 ரூபா அளவில் விழுந்தது. எனக்கு அது இன்னும் குறைவாகவே படுகிறது. ஆனால் அவர் மனம் பொருந்தி ஏற்றுக் கொண்டார்.

இன்னொன்றை அவராகவே கேட்டு வாங்கினார். படிவங்களைப் பூட்டி வைக்க ஒரு பெட்டி. எந்த வீட்டில் விதவை இருக்கிறார், எவருக்கு வருமானம் இல்லை என்பதெல்லாம் அந்தத் தாள்களில் இருந்தன. வீட்டுக்கு வருபவர் கண்ணில் படக் கூடாது என்றார். வீட்டில் வைத்து இவ்வாறான வேலை செய்யும் சகோதரிகள் இதையும் கவனிக்க வேண்டும். தங்கையிடமும் வாசித்ததை வெளியில் பேசுவதில்லை என்று உறுதி வாங்கியிருந்தார்.

கடைசி நூறும் கைக்கு வந்தது இருபத்திரண்டாவது நாள். இடையில் சின்ன மகனுக்கு இரண்டு நாள் காய்ச்சல். ஒதுக்கி வைக்கப்பட்ட படிவங்கள் 63 அல்ல, 71. ரமழான் பிறை தென்பட இன்னும் இரண்டு கிழமை இருந்தது.

சென்ற மாதம் பக்கத்து ஊரில் தனியார் வகுப்பு நடத்தும் ஒருவர் என்னிடம் வந்து, 1,500 மாணவரின் புள்ளிகளைப் பதிய ஆள் வேண்டும், ஞாயிற்றுக்கிழமைக்குள் முடியுமா என்று கேட்டார். சகோதரியின் வாப்பாவின் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்தேன். அன்று பின்னேரமே அவர் திரும்ப அழைத்து, "என்ன மௌலவி, விலையும் சொல்றாங்க இல்ல, நாளும் சொல்றாங்க இல்ல, முதல்ல இருபது தாள் அனுப்பச் சொல்றாங்க" என்று குறைப்பட்டார். அனுப்பி வையுங்கள் என்றேன். அனுப்பியிருக்கிறார். எல்லாம் பென்சிலால் எழுதியவையாம்.